வீட்டில் ஆள் இல்லையாம்!

பிரஷர் குக்கர் ஆர்டர் செய்துவிட்டு நாள் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வருகிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரே பாட்டு!
– ஒரு வாசகி, திருப்பூர்

முக்கியம் என்றுதானே சொன்னார்கள். எடுத்துப் பேசுவோம் என்றார்களா?

1914-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுமியையே 53 சென்ட் தபால்தலையோடு பார்சலாக ரயிலேற்றினார்கள். பத்திரமாகப் பாட்டி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் தபால் ஊழியர். அந்தப் பிள்ளைக்கு வாய் இருந்தது, வழி கேட்டிருக்கும். உங்கள் குக்கருக்கு விசில் அடிக்க மட்டும்தானே தெரியும்?

பாட்டை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு விதிப்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.