மூக்கு ஆபரேஷனும் மன நிம்மதியும்

எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் மனநலம் காக்க ஆள் வரவழைப்பார்கள். அது எப்போதும் மார்ச் மாதம்தான். இயர் எண்டிங்கில் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. வருகிறவர் மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார். நாலு எண்ணி இழுத்து, ஏழு எண்ணிப் பிடித்து, எட்டு எண்ணி விட வேண்டும். காலமெல்லாம் எண்ணியே பிழைக்கிற எங்கள் கேஷியர் ஏழைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். "பாருங்க, எவ்வளவு ரிலாக்ஸ் ஆயிட்டார்!" என்று அவருக்குக் கைதட்டல் வேறு.

இந்த முறை வந்தவர் லைஃப் கோச். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச்சுக்கு விசிட்டிங் கார்டு போதும்.

"எந்தப் பழக்கமும் 21 நாள் செஞ்சா மூளையில பதிஞ்சிடும். இது சயின்ஸ்!" என்றார்.

இந்த 21-க்கு ஊர் எது என்று தேடினால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கிறது. முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது மூக்கு பழகக் குறைந்தது 21 நாளாவது பிடிக்கிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். வருகிற வழியில் 'குறைந்தது' விழுந்துவிட்டது, மூக்கும் விழுந்துவிட்டது. 21 மட்டும் பத்திரமாக எங்கள் கான்ஃபரன்ஸ் ஹால் வந்து சேர்ந்தது. லண்டனில் உண்மையாகவே ஆட்களை வைத்துப் பார்த்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள். ஒருவருக்கு 18 போதும், இன்னொருவருக்கு 254 ஆகலாம். 'ஒரு மண்டலம், 48 நாள்' என்று சூரணம் மடித்துத் தரும் எங்கள் தெரு வைத்தியர் கணக்கில் கோச்சை முந்திவிட்டார்.

அடுத்த பாடம் 'பவுண்டரி'. நிம்மதியைக் கெடுக்கிற உறவுகளுக்கு எல்லை போட வேண்டுமாம். கேட்காவிட்டால் வெட்டிவிட வேண்டுமாம். என் நிம்மதியைக் கெடுப்பவர் பெரியம்மா. கேஸ் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருக்கிறது. வீட்டில் பாத்ரூம் கதவுக்கு மட்டும்தான் தாழ்ப்பாள். அதுவும் ஓங்கித் தட்டினால் திறந்துகொள்ளும். இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன்.

"பெரியம்மா, எனக்குன்னு கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்."

"அந்த அரிசி டிரம்மைச் செவுத்தோரமா நகத்திக்கோடா."

பெரியப்பா போய் மூன்று வருஷமாகிறது. பெரியம்மா இன்னமும் காலையில் படத்துக்கு எதிரே நின்று, அவர் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டதற்குத் திட்டுகிறார். கோச்சிடம் சொன்னேன். "12 மாசத்துக்கு மேல துக்கம் இருந்தா அது டிஸ்ஆர்டர் சார்" என்றார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் திருத்திய கையேட்டில் 12 மாதம் என்று இருப்பது வாஸ்தவம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ ஆறே மாதம். முதல் வருஷத் திதிவரைகூட ஜெனீவா பொறுக்கவில்லை. ஆனால் இரண்டு புத்தகங்களும் நாள் கணக்கோடு நிற்கவில்லை. துக்கத்தில் அன்றாடப் பிழைப்பு முடங்கியிருக்க வேண்டும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் அது மிஞ்சியிருக்க வேண்டும் என்கின்றன. திட்டி முடித்த கையோடு மார்க்கெட் போய், கத்திரிக்காய்க்குப் பேரம் பேசி, இரண்டு ரூபாய் குறைத்து வருகிற பெரியம்மாவுக்கு எது முடங்கியிருக்கிறது? இந்த நிபந்தனையும் மால்ட்ஸின் மூக்கு விழுந்த இடத்திலேயே விழுந்திருக்க வேண்டும்.

அசல் மனநல மருத்துவரையும் பெரியம்மா பார்த்திருக்கிறார். நடுவில் கொஞ்ச காலம் எந்நேரமும் சோர்ந்து, திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டுவிட்டு, டாக்டர் பெரியம்மாவைப் பேச விட்டார். வாசலில் வரிசை முணுமுணுத்தது. "மனசா உடம்பான்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. தைராய்டு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் பெரியம்மா பொரிந்தார். "பாசிட்டிவா இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. இவனெல்லாம் என்னடா டாக்டர்?"

டெஸ்டில் தைராய்டு குறைவு என்று வந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது என்பதால், பெரியப்பாவுக்குத் திட்டு இப்போது ஆறரைக்குத்தான் ஆரம்பம்.