மறுநடவு

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை மாற்றலாம் என்று ஈப்போ கடைக்காரரிடம் சொல்வதும், சுங்கை சிப்புட்டில் நாலு ஏக்கர் பால்மரம் வைத்திருப்பவரிடம் மறுநடவு பேசுவதும் ஒன்றுதான். ஆர்ஆர்ஐஎம் 600 ரப்பர்க் கன்றின் பெருமையை எவ்வளவு பாடினாலும் மனுஷன் கேட்பது ஒரே கேள்வி: "நட்டா எத்தனை வருஷம் பால் இல்ல?" ஐந்தாறு வருஷம். பேச்சு அதோடு முடிந்தது.

புந்தோங்கில் நான் பார்த்துக்கொள்ளும் மசாலா மில்லின் பில் புரோகிராம் விஷுவல் பேசிக் 6இல் எழுதியது. 1998இல் வந்த சாமான். 2002இல் வந்த விஷுவல் பேசிக் டாட்நெட்டுக்குப் பெயரில்தான் சொந்தம்; பழைய புரோகிராமை உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டும். 2008 ஏப்ரலில் விஷுவல் பேசிக் 6இல் எழுதும் கருவிக்கு ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால், எழுதி முடித்த புரோகிராம் ஓடத் தேவையான கோப்புகள் விண்டோஸ் 11இலும் இருக்கின்றன. 2021 நவம்பரில் வந்த டாட்நெட் 6தான் 2024 நவம்பரிலேயே பென்ஷன் வாங்கிக்கொண்டது. கிழவர் இன்னும் பில் அடிக்கிறார்.

புதுசுக்கு என்ன விலை? விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பு என்னைப் போன்ற தனி ஆளுக்கு இலவசம். சொன்னதும் முதலாளி முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் திரும்ப எழுத என் கூலியைச் சொன்னேன். "ஏன் தம்பி, பில்லு வந்துக்கிட்டுத்தானே இருக்கு?"

கல்லாவில் இருக்கும் அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. வலது கை மல்லித்தூளை நிறுக்கும், இடது கை எஃப்9ஐத் தட்டும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்தும். வண்ணப் பொத்தான்களோடு புது மாதிரி ஒன்றைக் காட்டினேன். "எஃப்9 எங்கப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வரி மாறினாலும் கிழவர் அசரவில்லை. 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி 6 விழுக்காடு, 2018 மே மாதம் ஆட்சியே மாறியது, ஜூன் 1இல் வரி பூஜ்யம், செப்டம்பரில் எஸ்எஸ்டி. புரோகிராமில் மாறியது ஓர் எண், ஒரு பெயர். வெளியிலிருந்து ஒருவர் வந்து கழுத்தைப் பிடிக்காத வரை புதுசுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. தொழிலுக்குக் கெடுதலான கட்சிதான்.

பிடித்தவர் வருமான வரி வாரியம். 2024 ஆகஸ்டில் 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ளவர்களிடம் தொடங்கிய மின் விலைப்பட்டியல், 2026 ஜனவரியில் 10 லட்சத்தைத் தாண்டியவர்களிடம் வந்துவிட்டது. கேட்பவருக்குத் தனி பில், மற்ற சில்லறைக்கு மாதம் ஒரு மொத்த பில். எல்லாம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவில் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய் எண் வாங்கி வர வேண்டும். பாவம், கிழவர் பிறந்தபோது ஜேசனே இல்லை.

அவரைத் தொடவில்லை. பக்கத்தில் டாட்நெட் 8இல் சின்னதாக ஒன்று எழுதினேன். கடை மூடிய பிறகு அது அவருடைய கணக்கைப் படித்து வாரியத்துக்கு அனுப்பும். முதலாளிக்குத் திருப்தி. "இதுக்கு எப்ப பென்ஷன்?" என்றார்.

"2026 நவம்பர்ல."

"அப்ப பழசு இருக்கட்டும், புதுசத்தான் மாத்தணும்கிற?"

கொட்டேஷன் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.