இறக்கத்துல தெரியும் தம்பி புஜம்

என்னடா பேராண்டி, எழும்பாமக் கெடக்குற? முந்தாநேத்து ஹந்தானை மலை ஏறுறப்ப அப்பாயிக்கு முன்னால விசிலடிச்சிக்கிட்டுப் போனியாமே. இறங்கி வந்தப்புறம் கக்கூசுல குந்த முடியலையாமே! கண்டி டவுன் ஜிம்முல மாசாமாசம் காசு கட்டி வளர்த்த உடம்பாச்சே ராசா.

தொடையில அமிலம் தங்கிருச்சுன்னு ஜிம் மாஸ்டர் சொன்னாராக்கும். அதெல்லாம் அன்னிக்கே ரத்தத்தோட போயிருமாம். பேராதனையில டாக்டருக்குப் படிக்கிற உன் அக்கா போன்ல சொல்லிட்டா. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உன்னைத் தூக்குது. இறங்கும்போதுதான் கூத்து. நீ உருண்டுறாம பாரத்தைத் தாங்கிக்கிட்டே அது நீளணும். சுருங்கவும் பாக்குது, இழுபடவும் செய்யுது. பழகாத தசைன்னா உள்ளுக்குள்ள நுணுக்கமா இழை அறுந்து போகும். வலியும் லேசுல வராது. மறுநாள் எட்டிப் பாத்து, ரெண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். இன்னிக்கு உனக்கு அந்த நல்ல நாள்.

அப்பாயிக்கு ஏன் வலிக்கலையா? வயசுக்கு வந்த காலத்துலருந்து கொழுந்துக்கூடையோட அதே சரிவுல இறங்குறவடா அவ. ஒருக்கா அடிவாங்கின தசை அடுத்த தரம் உஷாராயிரும்.

கண்ணாடிக்கு முன்னால நின்னு மடக்கிக் காட்டுறியே, அது இருதலைத் தசை. மேல்கைப் பருமன்ல பெரும்பங்கு பின்னாடி இருக்கிற முத்தலைத் தசை. அதைப் போட்டோ புடிக்க முடியாதுன்னு விட்டுட்டியோ? முன்னது கையை மடக்கும், பின்னது நீட்டும். ரெண்டுக்கும் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, நம்ம தலைவருங்க சம்பளப் பேச்சை இழுக்கிற மாதிரி.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்ட. கொழுந்து கிள்ளுற விரல்ல அதை மடக்குற தசையே கெடையாது. முழங்கைக்குக் கீழயும் உள்ளங்கையிலயும் இருக்கிற தசைதான் தசைநாணைப் பிடிச்சு இழுக்குது. சந்தேகம்னா அப்பாயி ரெண்டு இலையும் மொட்டுமாக் கிள்ளும்போது முன்கையை உத்துப் பாரு. தோலுக்கடியில வரிவரியா எழும்பி ஓடும். விரல் பாட்டுக்கு அடுத்த செடிக்குப் போயிரும்.

உன் நெஞ்சுக்குள்ளயும் ஒருத்தன் இருக்கான். ஒரு நாளைக்கு லட்சம் தடவைக்கு மேல சுருங்குறான். பிறந்ததுலருந்து லீவு கேக்கல, ஒரு செல்பி எடுத்துப் போட்டதுமில்ல.

முட்டையில வெள்ளைக்கருவை மட்டும் தின்னுட்டு மஞ்சக்கருவைப் பூனைக்குப் போடுறியாமே. புரதத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி அதுலதான்டா இருக்கு. பூனை என்னமோ நல்லாத்தான் இருக்கு, கூரையில ஏறுது, இறங்குது, நொண்டல.

சரி, பருப்பும் ரொட்டியும் வச்சிருக்கு, தின்னுட்டு மெள்ள நட. மூணு நாலு நாள்ல சரியாயிரும். அப்புறம் அப்பாயி கூடவே சரிவுல இறங்கிப் பழகு. கூடை வேணாம். தண்ணிப் போத்தலைக்கூட அவளே தூக்குவா.