காசு கொடுத்துப் பார்த்த விளம்பரம்

பேய்ப்படத்தில் முதல் ஒரு மணி நேரம் எதற்கு? கதாநாயகி குளிப்பாள், நாய் குரைக்கும், பல்ப் மினுக்கும். அதையெல்லாம் கழித்துவிட்டு வெட்டுக்குத்தை மட்டும் கோத்துத் தந்தால் என்ன? 1980களில் அமெரிக்க வீடியோ வியாபாரிகளுக்கு இந்த ஞானோதயம் வந்தது.

1985இல் வந்த ‘டெரர் ஆன் டேப்’ கேசட்டைப் பாருங்கள். நடிகர் கேமரான் மிட்செல் அதில் வீடியோ கடைக்காரர். பயப்பட வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளராக வந்து நிற்பார்கள். மனிதர் சளைக்காமல் காட்சி காட்சியாகப் போட்டுக் காட்டுவார். கழுத்து அறுபடும், ரத்தம் பீறிடும், அடுத்தது! யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள்? அதைக் கேட்பவர் முழுப்படம் எடுத்துப் போகட்டும்.

சூட்சுமமே அங்கேதான். அந்தத் துண்டுக் காட்சிகள், கேசட்டை வெளியிட்ட கான்டினென்டல் வீடியோவின் சொந்தச் சரக்கு. கம்பெனியின் கேட்லாக்கை ரசிகர் வாடகை கொடுத்து வாங்கிப் போய், சுற்றிவைத்துத் திருப்பியும் கொடுத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1984இல், ‘டெரர் இன் தி ஐல்ஸ்’ படம் துண்டுக் காட்சிகளைக் கோக்கும் வித்தையைத் தியேட்டரிலேயே காட்டியது. டொனால்ட் பிளெசன்ஸும் நான்சி ஆலனும் நடுவே வந்து பயத்துக்குப் பொழிப்புரை வேறு சொன்னார்கள்.

இன்று யூடியூபில் மரணக் காட்சித் தொகுப்புகள் இலவசம். விளம்பரத்தை மட்டும் தனியாகப் போடுகிறார்கள்.