என்.பி.ஏ. ஆணையர் சமூகத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக் விண்ணப்பம்

அனுப்புநர்: வீடியோ கேமில் கூடைப்பந்து அணி கட்டுவோரில் ஒருவன்.

பெறுநர்: உயர்திரு ஆடம் சில்வர் அவர்கள், ஆணையர், என்.பி.ஏ. தலைமையகம், நியூயார்க்.

பொருள்: வீடியோ கேமில் எங்களுக்கு உள்ள கட்டுப்பாடுகளை மெய்யான ஜெனரல் மேனேஜர்களுக்கும் விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2025 பிப்ரவரி தொடக்கத்தில் டல்லாஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல்.

ஐயா,

என்.பி.ஏ. 2கே விளையாட்டில் பந்தைத் தொடாமலே பட்டம் வென்றவன் பணிந்து எழுதிக்கொள்வது. ஆட்டம் ஆடுவதில் எனக்கு நாட்டமில்லை, ஆள் சேர்ப்பதில்தான். மை என்.பி.ஏ. பகுதிக்குள் போய் உட்கார்ந்தால் ஓர் அணியின் ஜெனரல் மேனேஜர் நாற்காலி நம்முடையது. பதினைந்து பேர், சம்பள வரம்பு, புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்ட் பிக், எதிரே கறாரான கணினி. வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு?

இந்தத் தொழிலில் ஓவரால் மதிப்பெண்ணைப் பார்த்து மயங்குகிறவன் தேற மாட்டான். 88 வாங்கிய முப்பத்துமூன்று வயதுக்காரரைவிட 81 வாங்கிய இருபத்தொரு வயதுப் பையன் மேல். பெரியவர் வருகிற சீசனில் இறங்கத் தொடங்குவார். பையன் ஏறுவான், அதுவும் முதல் ஒப்பந்தத்தின் சொற்பச் சம்பளத்தில். முப்பதைத் தாண்டிய நட்சத்திரத்தை மவுசு இருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும். பிக் வாங்கினால் கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் பிக்காக வாங்க வேண்டும். சாம்பியனின் பிக் பெயருக்குத்தான் முதல் சுற்று. பந்தைக் கையைவிட்டு இறக்காத மூவரை ஒரே அணியில் போட்டால் காகிதத்தில் மட்டும்தான் ஜெயிப்போம். தூரத்திலிருந்து மூன்று புள்ளி போடவும் எதிராளியை மறிக்கவும் தெரிந்த, யாரும் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளாத இரண்டு பேர்தான் அணியைத் தூக்கி நிறுத்துவார்கள்.

இத்தனை படித்தும் கணினியை ஏய்க்க முடிவதில்லை. நாலு சுமாரான ஆட்களைக் கொட்டிவிட்டு ஒரு நட்சத்திரத்தை அள்ளப் பார்த்தால், நிர்தாட்சண்யமாக மறுத்துவிடும். அது மறுப்பதால்தான் ஆட்டத்தில் ருசி.

இப்படி ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த எங்கள் தலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து விழுந்தது. உங்களுக்கு நள்ளிரவு, எங்களுக்குக் காலை காபி முடிந்த நேரம். டல்லாஸின் இருபத்தைந்து வயது லூகா டான்சிச் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு. முப்பத்தொரு வயது ஆன்டனி டேவிஸும், மேக்ஸ் கிறிஸ்டியும், 2029-இன் ஒரே ஒரு முதல் சுற்று பிக்கும் டல்லாஸுக்கு. செய்தியை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றே உலகம் முதலில் நம்பியது. எட்டு மாதம் முன்புதான் அதே டான்சிச் அதே டல்லாஸை இறுதிப்போட்டிவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார். அந்த சீசன் தொடக்கத்தில் விளையாட்டில் அவருக்கு 99-க்கு 97.

உடனே கேமைத் திறந்தேன். லேக்கர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து, அதே ஆட்களை, அதே பிக்கை வைத்து டான்சிச்சைக் கேட்டேன். டல்லாஸ் கணினி மறுத்தது. இன்னொரு பிக் சேர்த்தேன், மறுத்தது. அதற்கு மேல் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் மெய்யான டல்லாஸின் மேனேஜர் நிகோ ஹாரிசன், வேறு அணிகளிடம் விலை விசாரிக்காமல், லேக்கர்ஸின் ராப் பெலிங்காவோடு மட்டும் கமுக்கமாகப் பேசி முடித்திருக்கிறார். எங்கள் தெருவில் பழைய புடவைக்குப் பாத்திரம் போட வருபவரிடம்கூட, ஒரு டபராவாவது கூடக் கேட்காமல் யாரும் புடவையை எடுத்துக் கொடுப்பதில்லை ஐயா.

தற்காப்புதான் கோப்பை வாங்கித் தரும் என்றார் ஹாரிசன். டேவிஸ் டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். அடுத்த மாதம் அதே அணியின் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏப்ரலில் எதிரணிச் சட்டையோடு டல்லாஸுக்கு வந்த டான்சிச் 45 புள்ளி போட்டுவிட்டுப் போனார். எங்கள் விளையாட்டில் காயங்களை அணைத்து வைக்க ஒரு வசதி இருக்கிறது. மெய்யான ஆட்டத்தில் அது இல்லை என்பதை ஹாரிசனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

தங்கள் அலுவலகத்தில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. 2023 ஒப்பந்தத்தில் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று ஒரு சம்பளக் கோடு கிழித்தீர்கள்: அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி மூன்றாமவரை வாங்க முடியாது, வீரர்களைக் கைமாற்றும் டிரேடில் பணமும் அனுப்ப முடியாது. சம்பளக் கணக்கில் கொஞ்சம் இடித்தால் டிரேடைத் திருப்பி அனுப்புவீர்கள். கணக்கு சரியாக இருந்தால், ஊரையே எழுதிக் கொடுத்தாலும் முத்திரை குத்துவீர்கள்.

புத்திக்கு விதி போட முடியாது என்று தாங்கள் சொல்லக்கூடும். முன்பு போட்டிருக்கிறீர்களே! 1980-இல் கிளீவ்லாந்து அணியை வாங்கிய டெட் ஸ்டீபியன், முதல் சுற்று பிக்குகளைத் தீபாவளி இனிப்புபோல வினியோகித்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக்கே இல்லாதபடி விற்கக் கூடாது என்று உங்கள் லீக் கொண்டுவந்த விதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த பிக்குகளை வாரிக்கொண்ட புண்ணியவான் யார்? அப்போதுதான் பிறந்திருந்த டல்லாஸ். சாம் பெர்கின்ஸ், டெட்லெஃப் ஷ்ரெம்ப், ராய் டார்ப்லி மூவரும் அப்படி வந்தவர்கள். ஏமாற்றத் தெரிந்த குடும்பம், நாற்பது வருஷத்தில் எப்படி இப்படி ஆனது!

2011 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் வீரர் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பும் டிரேடைத் தங்களுக்கு முன்பிருந்த டேவிட் ஸ்டெர்ன் தடுத்தார். அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணி லீகின் கையில் இருந்ததால் அது முடிந்தது. சொன்ன காரணம்: கூடைப்பந்துக் காரணங்கள். அந்தச் சொல் 2025-க்குத்தான் இன்னும் பொருத்தமாகத் தேவைப்பட்டது, ஆனால் அதை அப்போதே செலவழித்துவிட்டீர்கள்.

டிராஃப்ட் லாட்டரி விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குலுக்கலுக்கு முன் கேமை சேவ் செய்துகொண்டு, முதல் பிக் நமக்கு விழும்வரை திரும்பத் திரும்ப லோட் செய்வது எங்களிடையே பரவலான கெட்ட பழக்கம். 2025 மே மாதம், 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸுக்கு முதல் பிக் விழுந்து, புதுமுகம் கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். ஒரே குலுக்கலில்! நாங்கள் வெட்கப்பட்டோம்.

ஆகவே ஐயா, அணிகளின் டிரேடுகளைத் தாங்கள் ஏற்குமுன் 2கே கணினியிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் பெறும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அது சம்பளம் கேட்காது. இரவு பன்னிரண்டு மணிக்கும் விழித்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாற்காலி ஜெனரல் மேனேஜர்.

நகல்: ஜெனரல் மேனேஜர், டல்லாஸ் மேவரிக்ஸ். (திரு. ஹாரிசன் 2025 நவம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், அந்த நாற்காலியில் அமர்பவர் தகவலுக்கு.)