தானாய் அமைந்த பாதாள அறை

அமெரிக்காவில் வீட்டுக்கடியில் அறை தோண்டி, சோபாவும் பெரிய டிவியும் போட்டு அரட்டைக் கூடமாக்குகிறார்கள். குளிர்நாடுகளில் உறைபனிக்குத் தப்ப அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கியாக வேண்டும். தோண்டிய குழியை வீணாக்குவானேன் என்ற சிக்கனம்தான் அது. நம்மூர் டி. கல்லுப்பட்டியில் அந்தச் சிக்கனம் செல்லாது. சுற்றுவட்டாரக் கரிசல், மழையில் உப்பும், வெயிலில் பாளம்பாளமாய் வெடிக்கும். அதற்குள் சுவர் இறக்கினால் மண்ணே அதை மறுவடிவமைத்துவிடும். மேலும், நம் கொத்தனார் அகராதியில் ‘பேஸ்மட்டம்’ என்பது மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கும் இடம். அங்கே உட்கார இடம் கேட்டால் மனிதர் நம்மைத்தான் கவலையோடு பார்ப்பார்.

ஆனாலும் நமக்குப் பாதாள அறை இல்லாமலில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் ஊற்றி ஊற்றி, தெருவை உயர்த்தித் தரைத்தளத்தைத் தாழ்த்தியிருக்கிறோம். சுரண்டிய பிறகே போடவேண்டுமென்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட நேர்ந்ததென்றால் வழக்கம் எவ்வளவு ஊறியது பாருங்கள். அரட்டைக்குத் திண்ணை இருந்ததே என்பீர்கள். இருந்தது; அதில் பாதி கடையாயிற்று, மீதி கிரில் கம்பிக்குள் பைக் நிறுத்துமிடமாயிற்று. தனிமை வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமே, அரட்டைக்குத் தனிமை எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. அமெரிக்கர் நண்பர்களைத் தேடிக் கீழே இறங்குகிறார்கள். நம்மிடம் ஐப்பசியில் சாக்கடைத் தண்ணீர் அழைக்காமலே வாசற்படி இறங்கி வருகிறது.