போடட்டுமா? - ஆப்ட் கேட்கும் மூன்று கேள்விகள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

டெபியன், உபுண்டு சர்வரில் ஒரு பேக்கேஜை ஏற்ற 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தொடங்கிப் பெயரை அடிக்கிறோம். அந்தப் பேக்கேஜ் தனியாக வந்தால் ஆப்ட் பேசாமல் உள்ளே விட்டுவிடும். பெண் பார்க்க வருபவரைப் போல வேன் நிறைய உறவுக்காரர்களோடு வந்தால்தான் பட்டியலை வாசித்து, டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றும் சொல்லி, 'தொடரலாமா?' என்று கேட்கும். பக்கத்தில் பெரிய ஒய், சின்ன என்.

இவ்வாய்வின் பொருள் அந்தப் பெரிய ஒய். ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினாலே சம்மதம் என்பது அதன் பொருள். எழுத்தில் பெரியது சின்னது பார்க்காத தமிழருக்கு இது பிடிபட நாளாகலாம். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவருக்கு உடனே புரியும். 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' என்று கேட்கும்போதே சாம்பார்க் கரண்டி சாய்ந்திருக்கும். வேண்டாதவர்தான் இலையைக் கையால் மறைக்க வேண்டும். சின்ன என் அந்தக் கை.

2. வரலாறு

டெபியனை 1993இல் தொடங்கிய இயான் மர்டாக், அன்றைய காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். எதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யும் குணம் அங்கிருந்தே வந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மறுப்பவர்கள் திருமணமானவர்களாக இருக்க முடியாது.

3. வகைப்பாடு

முதல் கேள்வி மேலே கண்டது: ஊரார் பண்டம், ஆகவே என்டருக்குப் பொருள் 'சரி'.

இரண்டாவதை ஆப்டுக்குக் கீழே வேலை பார்க்கும் டிபிகேஜி கேட்கும். கான்ஃபிக் ஃபைலைக் கொண்டுவந்து வைக்கும்போதே அதன் ஹாஷைக் குறித்துக்கொள்ளும். நாம் அதில் கைவைத்திருந்து, புதிய பதிப்பிலும் அது மாறியிருந்தால், 'உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?' என்று நிற்கும். இங்கே என்டருக்குப் பொருள் 'என்னுடையதே இருக்கட்டும்'. நம் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

மூன்றாவது, பாஷ் போன்ற அஸ்திவாரத்தைப் பிடுங்கச் சொல்லும்போது வருவது. ஒற்றை எழுத்து செல்லாது. 'எஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று ஆச்சரியக்குறி பிசகாமல் முழுதாக அடிக்க வேண்டும். இப்போதைய ஆப்ட் இந்தச் சத்தியத்தையும் நம்புவதில்லை. தனி ஆப்ஷன் கொடுக்காவிட்டால் முடியாது என்று கைவிரித்துவிடும்.

4. கள ஆய்வு

ஒருநாள் நள்ளிரவில் அப்கிரேடு செய்தேன். முதல் கேள்விக்கு ஒய் அடித்த விரல், இரண்டாவதற்கும் அதே சூட்டில் ஒய் அடித்தது. மூன்று மாதம் செதுக்கிய வெப்சர்வர் அமைப்பு போய், கடையில் வாங்கிய புதுச்சட்டை போல ஒரு சுத்தமான ஃபைல் உட்கார்ந்தது. நல்லவேளை, என்னுடையது 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வால் முளைத்துப் பக்கத்திலேயே கிடந்தது. நான் மதிக்காத என் கையெழுத்தை டிபிகேஜி பத்திரப்படுத்தியிருந்தது.

5. எதிர்வாதம்

கட்டளையோடு '-ஒய்' சேர்த்தால் கேள்வியே வராது என்பர் சிலர். அது முதல் கேள்விக்கு மட்டும் செல்லும். இரண்டாவதன் வாயை அது அடைக்காது. அஸ்திவாரத்தில் கைவைத்தால் ஆப்ட் வேலையையே நிறுத்திவிடும். ஆக, 'எல்லாத்துக்கும் சரி' என்று தலையாட்டுபவரின் தலையை எதுவரை நம்பலாம் என்பது அதற்குத் தெரியும். 'ரிமூவ்' என்றாலும் அப்படித்தான்: மென்பொருளைக் கழற்றும், கான்ஃபிக்கை விட்டுவைக்கும். அதையும் துடைக்க 'பர்ஜ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

6. முடிவு

பரிமாறுவதற்கு முன் எது இலை, எது சமையலறை, எது வீட்டின் தூண் என்று பார்த்துக் கேட்பதே நாகரிகம் என நிறுவப்படுகிறது.

எஞ்சுவது ஒன்று. 'ஆப்ட்-கெட் மூ' என்று அடித்தால் எழுத்துகளால் வரைந்த பசு தோன்றி, 'இன்று மூ என்றீர்களா?' என்று கேட்கும். பக்கத்தில் ஒய்யும் இல்லை, என்னும் இல்லை. பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. இது எவ்வகையில் சேரும் என்பது அடுத்த ஆய்வுக்கு உரியது. நிதி வந்தால் தொடரலாம்.